ஹெச்.டி. ரூமில் சொட்டிய மழை

அந்தப் பெட்டியின் கூரையில் வெல்டிங் செய்யாத ஓட்டை ஒன்று இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆவடிப் பக்கம் ஒரு ஷெட்டில் நான் ஃபிட்டர். இன்ஜின் இழுத்த பழைய ரயில் பெட்டிகளைப் பிரித்து, அடியில் மோட்டார் பூட்டி, மேலே கம்பியிலிருந்து கரண்ட் எடுக்கும் பேன்டோவை ஏற்றி, மின்சார ரயிலாக மாற்றுவது வேலை. இருபத்தைந்தாயிரம் வோல்ட் வந்து இறங்கும் இடம் டிரைவர் கேபினுக்குப் பின்னால் உள்ள ஹெச்.டி. ரூம், அதாவது ஹை டென்ஷன் ரூம். அந்தப் பெட்டியில் அது முன்பு கக்கூஸ். கூரைத் தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிட்டோம். குழாய் இறங்கிய ஓட்டையைத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டர் வரவில்லை. மறுநாள் டிரையல் ஓட்டம். நான் பசை மாதிரியான சீலிங் கம்பவுண்டை அப்பிப் பெயின்ட் அடித்துவிட்டு, ஜாப் கார்டில் 'வெல்டிங் முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காலையில் மழை பிடித்துக்கொண்டது.

பயணிகளுக்குப் பதில் மணல் மூட்டைகள். அவற்றின்மேல் எங்கள் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். நான் ஹெச்.டி. ரூம் கதவோரம் நின்றேன். பட்டாபிராமில் சிக்னலுக்காக வண்டி நின்றபோது உள்ளே கேட்டது. சொட். சொட்.

சொன்னால் வேலை போகும். ஒருவேளை சுவரோரமாக வழிகிறதோ என்னவோ. வண்டி கிளம்பிவிட்டது.

"இன்னா நிக்கிறே? இட்லி ஆறுது, வாப்பா" என்று யாரோ கூப்பிட்டார்கள். நான் கதவை விட்டு நகரவில்லை.

திருநின்றவூர் தாண்டியதும் கதவுக்குப் பின்னால் எண்ணெயில் தண்ணீர் விழுந்தாற்போல ஒரு சீறல். கேபினுக்கு ஓடினேன்.

டிரைவர் தனபால் திரும்பினார். "இன்னா நைனா, மூஞ்சி வெளுத்துக் கீது?"

"அண்ணே, பேன்டோவ எறக்குங்க. ஹெச்.டி. ரூம்ல தண்ணி ஒழுவுது."

"கதவு பூட்டிக் கீது. உனக்கெப்டி தெரியும்?"

"மேல ஓட்டைய நான் வெல்டிங் பண்ல. பண்ணதா எழுதிட்டேன்."

அவர் உடனே பேன்டோவை இறக்கினார். மோட்டார் சத்தம் அடங்கி, வண்டி உருண்டு போய் வயல்களுக்கு நடுவே நின்றது.

பின்பெட்டியிலிருந்து ஃபோர்மேன் மாணிக்கம் வந்து, மிச்சக் கரண்ட் தரையில் இறங்க எர்த் போட்டபின் கதவைத் திறந்தார். கரண்ட் இரும்புக்குத் தாவாமல் தடுக்கும் பீங்கான் இன்சுலேட்டர்மேல் ஈரம் வழிந்த தடத்தில் கரிக்கோடு ஒன்று கீழே இறங்கியிருந்தது. பெட்டியின் இரும்பைத் தொட நாலு விரல்தான் மிச்சம்.

"தொட்டிருந்தா இங்கயே வெடிச்சிருக்கும். அடியில டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் கீது" என்றார். திட்டவில்லை. "இட்லி துன்னுகினு இருந்தாங்களே, அவங்க மூஞ்சிய ஒரு தபா பாரு." பிறகு குரல் தணிந்தது. "அந்தக் கார்டுல என் கையெழுத்தும் கீது. மேல ஏறிப் பாக்காமயே போட்டேன்."

எனக்கு மெமோ, அவருக்கும் மெமோ. கூரையில் தகடு வைத்து வெல்டிங் செய்தபின் அந்தப் பெட்டி ஆண்டுக்கணக்கில் ஓடியது.

கரண்டுக்குப் பயப்பட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் சொல்வது இது: பட்டாபிராமில் கேட்டதைத் திருநின்றவூர் தாண்டித்தான் சொன்னேன். அவ்வளவு தூரமும் நான் பயந்தது மெமோவுக்கு.