ஹோல்கம் வீட்டு மண் தட்டம்

என் தம்பி நீக்கிலாஸ் ரொறன்ரோவில் வீடு மாற்றும் கம்பனி ஒன்றில் ஆறு வருடமாகச் சாமான்களைப் பெட்டி கட்டுகிறான். வயது முப்பத்தொன்பது, முதுகுக்கு அறுபது. என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, அவன் கட்டியதில் ஒன்றும் உடைந்ததில்லை. ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துத்தான் சுற்றுவான். அதனால் தாமதமாகும். அவன்மேல் கம்பனிக்கு இரண்டு முறைப்பாடுகள் போய்விட்டன. மூன்றாவது வந்தால் வேலை இல்லை என்று 1995 மாசியில் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த மாதம் ஹோல்கம் என்ற கிழவரின் வீடு. மனைவி இறந்து, பிக்கரிங்கில் மகளோடு இருக்கப் போகிறார். அலமாரியில் இரண்டு மண் தட்டங்கள். தவிட்டு நிறம், மேலே கூழாகக் கரைத்த மஞ்சள் களிமண்ணால் கோடு இழுத்து, காயுமுன் சீப்பால் வாரியதுபோல் கலைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் செய்தவை. அவருடைய முன்னோர் கப்பலில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், அங்கே சுதந்திரச் சண்டை வந்தபோது இங்கிலாந்து அரசர் பக்கம் நின்றதால் கனடாவுக்குத் தூக்கி வந்தவை.

"இருநூற்றைம்பது வருடம், ஒரு கீறல் இல்லை," என்றார் கிழவர்.

நீக்கிலாஸ் சந்தையில் சட்டி வாங்குகிறவன்போல் விரல் முட்டியால் தட்டினான். ஒன்று கணீரென்றது. மற்றதில் செத்த சத்தம்.

"உது என்ன மீன்சட்டியே, தட்டிப் பாக்க?" என்றார் லொறி ஓட்டும் விநாயகமூர்த்தி. "சுத்திக் கட்டடா. கீழை பேஸ்மென்ற் முழுக்கக் கிடக்கு."

"அண்ணை, இது வெடிச்சிருக்கு. எழுதாமல் கட்டினால், அங்கை திறக்கேக்கை நான் உடைச்சதெண்டு வரும்."

"எழுதினால் கிழவன் இப்பவே போன் அடிப்பான். எப்பிடியும் வேலை போய் நீ வீட்டைதான் போறாய்!"

சாமான்களின் நிலையைக் குறிக்கும் படிவத்தில் 'வெடிப்பு' என்று எழுதினான். கிழவர் முகம் சிவந்து, கம்பனிக்குச் சொல்லப் போனைத் தூக்கினார். நீங்களே தட்டிப் பாருங்கள் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான். தட்டினார். மற்றதையும் தட்டினார். போனை வைத்துவிட்டுப் படியில் இருந்துவிட்டார்.

"இத்தனை பேர் காப்பாற்றியது என் கையிலா போனது?"

நீக்கிலாஸ் தட்டத்தைக் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் மயிரளவு கோட்டைக் காட்டினான். கறுத்திருந்தது. புது வெடிப்பென்றால் வெளிறியிருக்கும், இதில் ஊத்தை ஏறியிருக்கிறது, இது உங்களுக்கும் முந்தியது என்றான். கிழவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். படிவத்தில் 'வெடிப்பு' என்பதற்கு முன்னால் 'பழைய' என்று சேர்க்கச் சொல்லி, ஒப்பமிட்டார்.

முறைப்பாடு போகவில்லை. ஆனால் முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. பேஸ்மென்றில் நாற்பத்தொரு பெட்டிகள். விநாயகமூர்த்தி ஏசிக்கொண்டே பாதியைத் தூக்கினார்.

பின்னேரம் என் வீட்டுக்கு வந்தவனுக்குச் சப்பாத்தைக் கழற்றக் குனிய முடியவில்லை. நான் கழற்றிவிட்டேன்.

"நாளைக்கு ரெக்ஸ்டேலிலை ஒரு வீடு, அக்கா. மூண்டு மாடி, லிஃப்ற் இல்லை," என்றான்.