பொன்னாடை போட்டுத் தூக்குவது எப்படி

மலாக்காவில் கூடாரம் என்றால் நான்தான். இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்? கல்யாணமோ கருமாதியோ, மழை பிடித்துக்கொண்டால் என் துணிக்குக் கீழேதான் எல்லாரும் ஒதுங்க வேண்டும். படிப்பு தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. நான்காம் வகுப்புக்கு வரச்சொல்லி வாத்தியார் கூப்பிட்டார், இடம் இல்லாத பிள்ளைகள் படிக்கட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிட்டேன். ரப்பர்ப் பால்மரம் சீவிய கையால் இரும்புக் கம்பி நட்டு, இன்று செங் பகுதியில் மாடி வீடு.

இந்தத் தொழிலில் நான் கண்டுபிடித்த உண்மை ஒன்று உண்டு. டத்தோ பட்டக்காரர் வரட்டும், தொகுதி ஒய்பி வரட்டும், வாசலில் கூடாரம், கழுத்தில் மாலை, தோளில் பொன்னாடை. அதற்கப்புறம் ‘முடியாது’ என்று சொன்ன மனிதரை நான் பார்த்ததே இல்லை.

போன வருஷம் என் வீட்டுக்காரிக்கு ஸ்ட்ரோக் வந்துவிட்டது. வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள், புண்ணியவான்கள். வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில்தான் தகராறு. ஜொகூரிலிருந்து மகன் போன் போட்டான்.

“அப்பா, புக்கிட் பெருவாங்ல ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்திருக்கேன். நல்லா பாத்துப்பாங்க. அம்மா அங்க இருக்கட்டும்.”

“ஏன், இங்க நான் இல்லையா?”

“உங்களுக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியுமாப்பா?”

“பட்டனத் தட்டினா தானா சுடுது. அதுக்கெல்லாமா தெரியணும்?”

எனக்கு அவள் வீட்டுக்கு வந்தாக வேண்டும். அவள் இல்லாத வீட்டில் டிவியைக்கூட யாரோடு சண்டை போட்டுப் பார்ப்பது? டாக்டரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவர், “எங்க சமூகநலப் பணியாளர் வீட்டை வந்து பாக்கட்டும். அவங்க சரின்னா நான் அனுப்புறேன்” என்றார். நம் ஊரில் அரிசிப் பை கொடுத்துப் படம் பிடித்துக்கொள்ளும் சேவையாளர் மாதிரி இல்லை இவர். இதற்கென்றே பல்கலைக்கழகத்தில் படித்து, ஆஸ்பத்திரியில் உத்தியோகம் பார்க்கிறவராம்.

ஆக, முடிவு ஓர் அதிகாரி கையில். எனக்குச் சிரிப்பு வந்தது. இது என் ஏரியா லா!

அவர் வரும் காலையில் வாசல் முழுக்க என் முதல்தரக் கூடாரம், மஞ்சள் ஜாலர் வைத்தது. நாற்காலி, சிவப்புக் கம்பளம், மைக். தெருவே வந்து உட்கார்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் முன்வரிசையில் இடம் பிடித்து, சாப்பாடு எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மைவி கார் வந்தது. கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி இடம் தேடி, தெருக்கோடியில் நின்றது. இறங்கி வந்தது என் பேத்தி வயதுத் தமிழ்ப் பெண். நாதஸ்வரத்தை ஸ்பீக்கரில் போட்டு மாலையை நீட்டினேன். பயந்து ஓரடி பின்னால் போய்விட்டாள்.

“அங்கிள், யாருக்குக் கல்யாணம்?”

“உங்களுக்குத்தாம்மா! வந்து, உங்களுக்கு மரியாதைம்மா.”

“நாங்க எதையும் வாங்கக் கூடாது அங்கிள். வீட்டை மட்டும் பார்க்கிறேன்.” கூடாரக் கம்பிகளுக்கு நடுவே குனிந்து நுழைந்தவள் திரும்பிப் பார்த்தாள். “இதுக்குள்ள வீல்சேர் எப்படி வரும்?”

கழற்றினால் வரும் என்றேன். தொழில் தெரிந்தவன் சொல்லும் பதில்.

உள்ளே போனோம். தெருவும் பின்னாலேயே வந்தது. “ஆன்ட்டிக்குப் படுக்கை எங்க?” என்றாள்.

“மாடியில. ஏர்கோன் ரூம்.”

“மாடிக்கு எப்படி ஏறுவாங்க?”

மாடியே நான் கட்டியதுதான் என்றேன். அவள் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தாள். “இது வழுக்காதா அங்கிள்?”

“வழுக்காமலா? நானே ரெண்டு தடவ விழுந்திருக்கேன். அவ்வளவு தரமான மார்பிள்.”

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். என் வீட்டுக்குள்ளேயே என் கூட்டம் எதிர்க்கட்சிக்குத் தாவிக்கொண்டிருந்தது. பாத்ரூம் வாசலில் முழங்கால் உயரத்துக்குத் தடுப்புக்கட்டை. வெள்ளம் வந்தாலும் தாண்டாதபடி நான் நின்று கட்டியது. அதையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “ஆன்ட்டியைக் கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு யார் மாத்துவா?” என்றாள்.

“நான்! இரும்புக் கம்பிய ஒரே ஆளா தூக்கி லோரியில ஏத்தினவன்மா.”

“சரி, செஞ்சு காட்டுங்க.”

தானாக முன்வந்தவர் சீனக் கிழவர். சோபாவில் சாய்ந்து என் வீட்டுக்காரியைப் போலவே வலது கையைத் தொங்கப்போட்டுக்கொண்டார், நல்ல நடிகர். நான் அவர் அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்கு. “ஐயோ, பெலான் பெலான் லா!” என்று கத்தினார். ‘மெதுவா, மெதுவா’ என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் அந்தத் தரமான மார்பிளில் கிடந்தோம். தெரு கைதட்டியது. கையோடு உள்ளே கொண்டுவந்த மைக்கை அணைக்காமல் விட்டிருந்ததால் வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கிறது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. என்னை எழுப்பி உட்கார வைத்துவிட்டுச் சொன்னாள்: “நேத்து ஆன்ட்டிகிட்ட பேசினேன் அங்கிள். எங்க போகணும்னு கேட்டேன்.”

டாக்டர் கேட்கவில்லை, மகன் கேட்கவில்லை. சரி, நானும்தான். “என்ன சொன்னா?”

“வீட்டுக்குத்தான் போகணும்னாங்க. ஆனா பயமா இருக்குன்னாங்க.”

“என்ன பயம்?”

“நீங்க கீழ போட்டுருவீங்கன்னு.”

சீனக் கிழவர் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

அவள் அங்குமிங்கும் பார்த்தாள். மேசைமேல் வைத்த வரவேற்புத் தட்டில் மாலைக்குப் பக்கத்தில் பொன்னாடை இருந்தது. அதை எடுத்து நீளமாக மடித்து, கிழவரின் இடுப்பைச் சுற்றிக்கட்டி, என் இரண்டு கையையும் அதில் பிடிக்க வைத்தாள். “அக்குள்ல பிடிச்சு இழுக்கக் கூடாது. முழங்காலை மடக்குங்க. அவங்களை முன்னால சாய விடுங்க. இப்ப சேர்ந்து எழுந்திரிங்க.” எழுந்தோம். கிழவர் பூப்போல நாற்காலிக்கு மாறினார். எனக்கே ஆச்சரியம்.

“கட்டில் கீழ வரட்டும், பாத்ரூம் கட்டைய உடைங்க, தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து பழகுங்க. பகல்ல வந்து உதவ ஆளுக்கு நான் ஏற்பாடு பண்றேன். மகன்கிட்டயும் நானே பேசுறேன். அப்புறம் டாக்டருக்குச் சொல்றேன்” என்றாள். போகும்போது, “பொன்னாடையத் துவைச்சு வைங்க, வேணும்” என்றும் சொன்னாள்.

கட்டையை நானே உடைத்தேன். வெள்ளம் வந்தால் பார்த்துக்கொள்வோம். தினமும் ஆஸ்பத்திரியில் பயிற்சி. நர்ஸ்கள் என்னை ஆசையாக வேடிக்கை பார்த்தார்கள், திறமையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான்.

என் வீட்டுக்காரி வீடு வந்து சேர்ந்தாள். வாசலில் கூடாரம் போடவில்லை, கை அரித்தது, போடவில்லை. மறுநாள் காலை அலமாரியைத் திறந்தேன். ஊர் மேடைகளில் எனக்குப் போட்ட பொன்னாடைகள் அடுக்கடுக்காக இருந்தன. இருப்பதிலேயே ஜரிகை அதிகமானதை எடுத்து அவள் இடுப்பில் சுற்றி, முழங்காலை மடக்கி, முன்னால் சாயவிட்டு, சேர்ந்து எழுந்தோம். நாற்காலியில் அழகாக உட்கார்ந்தாள். அவள் கீழே விழவில்லை, நானும் விழவில்லை.

மூச்சு வாங்கியபடி அவள் ஜரிகையைத் தடவிப் பார்த்தாள். வாய் கோணியபடியே கேட்டாள்:

“மாலை எங்க?”

பூக்காரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.