காளிச்சாமியின் இடது தொடை

என் மனைவி மருதாத்தாளைப் பற்றி நானே பெருமை பேசுவதா என்று கேட்பார்கள். பேசினால் என்ன? உள்ளதைத்தானே சொல்கிறேன்!

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை வைத்தியசாலையில் அவளுக்கு ஆயா வேலை. அடிபட்டு மெலிந்த தசையைக் கரண்ட் வைத்துத் துடிக்க வைக்கும் பேட்டரிப் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், டாக்டரம்மா பக்கத்தில் நின்று பார்த்தே அதைக் கற்றுக்கொண்டாள். பிறகு டாக்டரம்மாவே பெட்டியை அவள் பொறுப்பில் விட்டுவிட்டார்.

எழுபத்தாறாம் வருஷ ஓணத்துக்குக் கொல்லங்கோட்டில் வடம் இழுக்கும் போட்டி. எங்கள் அணிக்கு நான் தலைவன். வடத்தின் கடைசி ஆள் காளிச்சாமி. அவன் கால் ஊன்றி நின்றால்தான் மற்ற ஆறு பேரும் நிற்க முடியும். அந்த வருஷம் மூட்டை சரிந்து விழுந்து அவன் முட்டி உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது இடது தொடை பாதியாக இளைத்திருந்தது.

மருதாத்தாள் மூன்று மாதம் கரண்ட் வைத்து, உட்கார்ந்து எழச் செய்து, அதைத் தேற்றினாள். ஆனாலும் எடுத்த எடுப்பில் அந்தக் கால் பலம் பிடிக்காது. களத்தில் இறங்குமுன் கரண்ட் வைத்துத் தயார் செய்தால் தாங்கும் என்றாள். தாங்காவிட்டால் வேறு ஆளைப் போடுவேன் என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். காளிச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

போட்டியன்று அவள் பெட்டியை மைதானத்துக்கே கொண்டுவந்து, ஈரத்துணியை அவன் தொடையில் வைத்துக் கட்டி, பெட்டியின் திருகைத் திருப்பினாள். தொடை அசையவே இல்லை.

"இன்னுங் கொஞ்சம் திருகு புள்ளே" என்று நானே கையை நீட்டினேன். பட்டென்று கையில் ஒன்று வைத்தாள். அணி முழுக்கப் பார்க்க!

திருகைச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, துணியை விலக்கி விரலால் தடவி முகர்ந்தாள்.

"ஏனுங்க, நல்லெண்ணெயத் தேச்சு உட்டது நீங்கதானுங்களா? எண்ணெய் மேல கரண்ட் எப்படீங்க புடிக்கும்? தெரியாமத் திருகுனா ஆளையே தூக்கிப் போட்டுருமுங்க!"

வடம் பிடிக்குமுன் எல்லார் தொடையிலும் எண்ணெய் தேய்ப்பது எங்கள் அணியின் வழக்கம். தேய்த்த மகாபுத்திசாலி நான்தான்.

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் அரப்புத் தூள் வாங்கி வரச்செய்து, தண்ணீர்க் குழாயடியில் வைத்து அவன் காலைத் தேய்த்துக் கழுவினாள். "மாப்பிள்ளைக்குக் குளிப்பாட்டு நடக்குதுங்கோ!" என்று எதிரணிக்காரர்கள் சிரித்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணியை உப்புத் தண்ணீரில் நனைத்துக் கட்டினாள். தொடை துள்ளியது.

"துடிக்கறப்ப நீயும் சேந்து இறுக்கு சாமி. சும்மா உக்காந்திருக்காதே."

பத்து நிமிஷம் அப்படிச் செய்து, மைதானத்தை இரண்டு சுற்று ஓடவும் விட்டாள்.

அவர்கள் ஒன்று, நாங்கள் ஒன்று என்று ஆளுக்கொரு இழுப்பு வென்றோம். மூன்றாவதில் நாங்கள் கோடு வரைக்கும் வழுக்கிப் போனோம். தோற்றோம் என்றே நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து காளிச்சாமி கத்தினான்: "அக்கா, கால் புடிச்சிருச்சு!" இடது குதிகால் மண்ணில் இறங்கி நின்றது. வடமும் நின்றது. பிறகு எங்கள் பக்கம் வந்தது.

பரிசு ஒரு நேந்திர வாழைக் குலை. வென்ற தலைவன் அதைச் சுமந்து வீதியில் நடக்க வேண்டும். நான் அதைக் காளிச்சாமி தோளில் ஏற்றினேன். மருதாத்தாளை முன்னால் நடக்கவிட்டு, அந்தக் கரண்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன். அன்றைக்கு என்னைவிட நிமிர்ந்து நடந்த ஆண்பிள்ளை கொல்லங்கோட்டில் கிடையாது.