தங்கையின் எழுத்தைக் காட்டாத போன்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். வார்த்தை முன்னே பின்னே விழும், நடுவில் சிலது மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இது நான் போன் மாற்றியபோது நடந்தது. இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் என்று நினைக்கிறேன்.

என் தங்கைக்குக் காது கேட்காது. பிறவியில் இல்லை. முப்பது வயதுக்கு மேல் ஒரு ஜுரம் வந்து இருபது நாள் படுத்தாள். எழுந்தபோது காது போயிருந்தது, பேச்சு போகவில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் எதையும் உரக்கத்தான் பேசுவாள். பஸ்ஸில் அவளோடு போனால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். எனக்கு நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே வராது. அவளைப் பெருநகர் என்கிற ஊரில் கொடுத்திருந்தது. நான் வாழ்க்கைப்பட்டது உத்திரமேரூருக்கு இரண்டு மைல் தள்ளி ஒரு கிராமம். நடுவில் பஸ் உண்டு, ஆனாலும் மாதத்துக்கு ஒரு தரம் பார்த்தால் பெரிது.

பட்டனில் தமிழ் எழுத்து போட்ட போன் வந்த பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு என்று ஒன்று வந்தது. உத்திரமேரூர் பஜாரில் ஒரு பாய் கடை. முன்பு வாட்ச் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர், பிறகு போனும் விற்றார். அவரிடம்தான் ஒரே மாதிரி இரண்டு போன் வாங்கினோம். ஒரு பட்டனை நாலு தரம் அமுக்கினால்தான் ஓர் எழுத்து வரும். அவள் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். ‘களை எடுக்க ஆள் வரல’ என்று எழுதுவாள். ‘கோழி ஏழு குஞ்சு பொரிச்சிது’ என்பாள். என் வீட்டுக்காரரைப் பற்றி ஏதாவது கிண்டல் எழுதுவாள். அவள் எழுதினால் சத்தம் கிடையாது, எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

எனக்கு எழுத நேரம் பிடிக்கும். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவள் எழுதியதைப் படித்துவிட்டு நான் ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். போனை அவள் இடுப்பிலேயே செருகி வைத்திருப்பாள், அது அதிரும். ஒரு தரம் அதிர்ந்தால் படித்தேன், சரி என்று அர்த்தம். இரண்டு தரம் அதிர்ந்தால் முடியாது என்று அர்த்தம். மூன்று நாலு வருஷம் இப்படியே ஓடியது. அதில் ஒரு தப்பும் வந்ததில்லை.

ஒரு நாள் மாட்டுக்குப் புண்ணாக்கு கலக்கக் குனிந்தேன். இடுப்பிலிருந்த போன் கழுநீர்த் தொட்டிக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்து அரிசிப் பானையில் இரண்டு நாள் வைத்தும் உயிர் வரவில்லை. பாய் கழற்றிப் பார்த்து, மோந்தும் பார்த்து, மூடிவிட்டார். சிம் மட்டும் பிழைத்தது. அதே மாதிரி போன் ஒன்று எடுத்து வைப்பதாகச் சொன்னார். வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி வந்தேன்.

மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். விஷயம் தெரிந்ததும் எதுவும் வாங்க வேண்டாம், தானே கொண்டுவருவதாகச் சொன்னான். சனிக்கிழமை வந்தான். கொண்டுவந்தது பட்டன் இல்லாத போன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, விரலால் தொட்டால் வேலை செய்யும். அவனும் அதே ஜாதி போனுக்கு மாறியிருந்தான். பட்டன் போனில் இருக்கிற சிஸ்டம் வேறு, இதில் இருக்கிற சிஸ்டம் வேறு என்றும், பழையது இன்னும் கொஞ்ச நாளில் இல்லாமலே போய்விடும் என்றும் அப்பாவிடம் விளக்கினான். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது, இனிமேல் பேத்தியின் போட்டோ அனுப்பினால் இதில் பெரிதாகத் தெரியும் என்பது. பேத்திக்கு அப்போது எட்டு மாதம்.

அவன் ராத்தங்கி எல்லாம் சரிசெய்து கொடுத்தான். அதில் இங்கிலீஷ் மட்டும்தான் வந்தது. எனக்கு அது வராது என்று, ஒவ்வொருவர் நம்பருக்கும் அவரவர் போட்டோவை ஒட்டிவிட்டான். ஆல்பத்திலிருந்து தங்கையின் கல்யாணப் போட்டோவை எடுத்துப் போட்டிருந்தான். “சித்தி மூஞ்சியத் தொடும்மா, சித்திக்குப் போவும்” என்றான். தொட்டேன், போனது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை தங்கையிடமிருந்து முதல் செய்தி வந்தது. திறந்து பார்த்தால் எழுத்து இல்லை. சின்னச் சின்னக் கட்டம். கோலத்துக்குப் புள்ளி வைத்ததுபோல வரிசையாகக் கட்டம், நடுவில் இடைவெளி, மறுபடி கட்டம், கடைசியில் ஒரு கேள்விக்குறி. கேள்வி என்று மட்டும் தெரிந்தது, என்ன கேள்வி என்று தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மகனுக்குப் போன் செய்தால், அவன் போனிலும் தமிழ் அப்படித்தான் வரும், கொஞ்ச நாளில் அப்டேட் வந்தால் சரியாகிவிடும், அதுவரை பொறுத்துக்கொள் என்றான். குற்றம் சொல்வது போலாகிவிடுமோ என்று நானும் மேலே பேசவில்லை.

அன்றைக்கே தங்கைக்குத் தெரியப்படுத்தியிருக்க வேண்டும். ஆனால் எப்படி? இந்தப் போனில் தமிழ் எழுதவும் முடியாது. பேசினால் அவளுக்குக் கேட்காது. அவள் மகனும் மருமகளும் கம்பெனி வேலைக்கு ஷிப்ட் போகிறவர்கள், அவர்களுக்குப் போன் செய்து, நீங்கள் போய் உங்கள் அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சம். பஸ் ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். நாற்று விடுகிற சமயம், வேலை இருந்தது. இதெல்லாம் காரணம்தான். உண்மை என்னவென்றால், மகன் ஆசையாக வாங்கித் தந்ததை அவள் ஊருக்கே கேட்கிற மாதிரி நொட்டை சொல்வாள் என்று பயந்தேன்.

பதில் வராவிட்டால் அவள் பதறுவாள். அதனால் கேள்விக்குறியைப் பார்த்துவிட்டு அவள் கல்யாண முகத்தை ஒரு தரம் தொட்டு, உடனே நிறுத்தினேன். படித்தேன், சரி. அடுத்த நாள் இரண்டு செய்தி வந்தது, அதற்கும் அப்படியே செய்தேன். பத்து நாள் இப்படிப் போனது. என்ன எழுதியிருப்பாள், கோழியும் களையும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். முகம் சரியில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

“நேத்து ஏன் வரல?” என்றாள். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

எங்கே வரவில்லை என்று கையால் கேட்டேன்.

“வரேன்னு சொன்னியே. ஒரு தபா இல்ல, ரெண்டு தபா எய்தி கேட்டேன், ரெண்டு தபாவும் சரின்னியே.”

விஷயம் மெதுவாகத்தான் தெரிந்தது. அவளுக்கு ஒரு கண்ணில் சில மாதமாகப் புகை மூட்டியது போல இருந்தது. காது இல்லாதவளுக்கு எல்லாமே கண்தான். வருகிற வண்டியும் கண்ணால்தான் தெரிய வேண்டும், எதிரில் இருப்பவர் உதடு அசைவதும் கண்ணால்தான் தெரிய வேண்டும். செங்கல்பட்டில் ஒரு கண் டாக்டரிடம் புதன்கிழமைக்குப் பதிந்து வைத்திருந்தாள். அங்கே பெயர் சொல்லித்தான் உள்ளே கூப்பிடுவார்கள். பக்கத்தில் ஆள் இருந்து, உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று தொட்டுச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் என்னை வரச் சொல்லியிருக்கிறாள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறாள். பிறகு தனியாகவே போயிருக்கிறாள். கூட்டம் அதிகம். ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். தன் பெயர் எப்போது வந்து போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லோரும் போன பிறகு போய்க் கேட்டால், டாக்டர் கிளம்பியாயிற்று, அடுத்த புதன்கிழமை வரச் சொன்னார்கள்.

போனை எடுத்து அவளிடம் கொடுத்தேன். வேறு வழி இல்லை. அவள் வாங்கி, நல்ல கண்ணின் பக்கம் வைத்துப் பார்த்தாள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பத்து நாள் எழுதியது முழுக்கக் கட்டம். அவள் குரல் அப்போது கொஞ்சம் இறங்கியது.

“இத்தினி நாளா இத்தையா பாத்துக்கினு எனுக்கு சரி சரின்னு சொன்னே?”

தலையை ஆட்டினேன்.

“எனுக்குதான் காது இல்ல. உனுக்கு கண்ணு நல்லாத்தானே கீது.”

சமையலுக்கு அரிசி போட்டிருந்தேன், அதைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். “கெளம்பு, பாய் கடைக்கு” என்றாள்.

என் மகன் வாங்கித் தந்த போனைப் பார்த்ததும் பாய் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினார். பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

“போனுல கோளாறு ஒண்ணும் இல்லம்மா. நல்ல போனு. ஆனா இதுக்கு தமிளு தெரியாது, அவ்ளோதான். உங்க பழய போனு சிஸ்டம் வேற.”

தான் சொன்னதைத் தங்கைக்கு ஒரு பில்லின் பின்பக்கம் எழுதிக் காட்டினார். அவள் படித்துவிட்டு, தமிழ் தெரிந்ததாக எடுத்துப் போடச் சொன்னாள். பாய் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒவ்வொரு போனையும் புகழ ஆரம்பித்தார், கேமரா இத்தனை, பாட்டு இத்தனை என்று. அவளுக்கு அது எதுவும் கேட்காதே. வாயைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், பேச வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அக்கா சிம்மை ஒவ்வொரு போனிலும் போடு, நான் என் போனிலிருந்து எழுதி அனுப்புகிறேன், எது படிக்கிற மாதிரி காட்டுகிறதோ அதைக் கொடு என்றாள். போன் வாங்க வந்தவர்கள் இப்படிக் கேட்டு பாய் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஆனால் அதில் தப்பும் சொல்ல முடியவில்லை.

முதலில் போட்டது இன்னொரு கம்பெனியின் தொடுகிற போன். கட்டம்தான் வந்தது. அடுத்ததும் தொடுகிற போன்தான், வேறு சிஸ்டம் என்றார். அதில் எழுத்து வந்தது, ஆனால் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. கொஞ்சம் யோசித்துப் படித்தால் படித்துவிடலாம். எனக்கு அதை விட மனம் வரவில்லை. அதில் பேத்தி போட்டோவும் பெரிதாகத் தெரியும் என்று பாய் சொன்னார். மகனுக்கும் மனசு நோகாது, தங்கைக்கும் ஆயிற்று.

“கொம்பு எங்க நின்னா இன்னா, படிக்கலாம்” என்று தங்கையும் விட்டுக்கொடுத்தாள். “ஆனா நீ திருப்பி எய்து பாக்கலாம்.”

எழுதப் பார்த்தேன். அதில் தமிழைக் காட்டத்தான் வழி இருந்தது, எழுத வழி இல்லை. பாய் போனுக்குள்ளே போய்ப் போய்த் தேடினார். இல்லை. நான் அந்தப் போனைக் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியில் எனக்காக எடுத்து வைத்திருந்த பட்டன் போனையே எடுத்தார். சிம் போட்டார். தங்கை தெருப்பக்கம் திரும்பி நின்று அமுக்கினாள். மணி அடித்தது. பாய்தான் திறந்து பார்த்தார், பார்த்ததை அப்படியே வாய்விட்டுப் படித்தார்.

“பாய் கடையில ஈ ஓட்டுறாரு.”

படித்துவிட்டு முகம் மாறாமல், “எய்த்து சுத்தமா வருதும்மா” என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அதுதான் என் போன் என்று முடிவானது.

மகனிடம் சொல்வது எனக்குப் பெரிய பாடாக இருந்தது. எழுதி அனுப்பலாம் என்றால் அவன் போனிலும் கட்டம்தான் தெரியும். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு போன் செய்து, சித்திக்குக் கண் டாக்டரிடம் நடந்ததையும் நான் மறுபடி பட்டன் போன் எடுத்ததையும் மட்டும் சொன்னேன், போனைப் பற்றிக் குற்றமாக ஒன்றும் சொல்லவில்லை.

“பாப்பா போட்டோ இனிமே எப்டிம்மா பாப்பே?” என்றான்.

வரும்போது கொண்டுவந்து காட்டு என்றேன். சரி என்றான். அடுத்த தரம் வந்தபோது பேத்தி போட்டோவைக் கழுவி எடுத்து வந்தான், அந்தப் போனை எடுத்துக்கொண்டு போனான். அவன் வருத்தப்பட்டானா என்று நான் கேட்கவில்லை. அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை நாங்கள் இரண்டு பேரும் செங்கல்பட்டு போனோம். தங்கை பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். நான் அவள் முழங்கையைத் தொட்டேன். யார் என்று கேட்டதற்கு எழுந்து நின்று, “இவங்கதான், காது கேக்காது” என்று நானே சொன்னேன். இரண்டு மாதம் கழித்துக் கண் ஆபரேஷன் ஆயிற்று, பார்வை தேவலை.

மிஸ்டு கால் ஏற்பாட்டை அவள் அதோடு நிறுத்திவிட்டாள். சரி என்றால் சரி என்று எழுத வேண்டும், அப்போதுதான் நம்புவேன் என்று சொல்லிவிட்டாள். இரண்டே எழுத்துதான். நான் அமுக்கி முடிப்பதற்குள் அவளிடமிருந்து அடுத்த செய்தி வந்துவிடும்.

இதில் சிலது தப்பாக இருக்கலாம். எந்தப் போனில் கொம்பு பின்னால் நின்றது, அந்த வருஷத்தில் அப்படி இரண்டு விதமான தொடுகிற போன் உத்திரமேரூரில் கிடைத்ததா, இதெல்லாம் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. போன் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்தினால் நல்லது. நான் சரி சொன்னது பத்து நாளா, அதற்கு மேலா என்பதை என் தங்கையிடம் கேட்கலாம். எழுதித்தான் கேட்க வேண்டும்.