ஒன்பதாவது களத்துப் பாலம்

இமெல்டாவுக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் வீடு, பக்கத்து நகரத்துக் கிளை நூலகம் ஒன்றில் வேலை. அங்கே சேர்ந்து எட்டு வருடமாகிவிட்டது. அடிக்கடி தாள் சிக்கும் நகல் இயந்திரம், யாரோ நன்கொடையாகக் கொண்டுவந்து இறக்கிய பூசணம் பிடித்த புத்தகங்கள், விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை வேலை என்று மற்றவர்கள் தொட விரும்பாதவை எல்லாம் சுற்றிச் சுற்றி அவளுடைய மேசைக்கே வந்து சேர்ந்தன. 2006ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அந்தப் போர் விளையாட்டும் அப்படித்தான் வந்தது.

இளைஞர் பகுதிக்கு வீடியோ விளையாட்டுகள் வாங்கி இரவல் கொடுப்பது என்று நூலகம் முடிவு செய்திருந்தது. வாங்குமுன் ஒவ்வொன்றையும் ஊழியர் ஒருவர் கடைசிவரை விளையாடிப் பார்த்து, இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்ப வேண்டும். தலைமை நூலகர் ஃபிரவ் கெஸ்லர், அதாவது திருமதி கெஸ்லர், குதிரை வளர்க்கும் விளையாட்டைத் தனக்கென எடுத்து வைத்துக்கொண்டார். போர் விளையாட்டையும், கையில் பிடித்து விளையாடுகிற சின்னக் கருவியையும் இமெல்டாவிடம் தந்தார்.

“உங்களுக்கு இது சுலபமாக வரும், ஃபிரவ் இன்னா. உங்கள் நாட்டில் போர்தானே” என்றார்.

அவளுடைய குடும்பப் பெயர் இன்னாசித்தம்பி. எட்டு வருடத்தில் அதில் பாதிதான் அவருடைய வாயில் ஏறியிருந்தது. மன்னாரை விட்டுப் புறப்படும்போது இமெல்டாவுக்கு எட்டு வயது. டாங்கியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

முதல் வாரம் அப்படியொன்றும் மோசமில்லை. கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு வரைபடம். தன் படைகளை நகர்த்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், பிறகு எதிரி நகர்த்துவான், பிறகு மறுபடி தன் முறை. அவசரமில்லை, யோசிக்க நேரமிருந்தது. வேலைக்குப் போகிற ட்ராமில் ஒரு களம், திரும்பி வருகிற ட்ராமில் ஒரு களம் என்று எட்டுக் களங்களை வென்றாள். எரிபொருள் லொறியைப் பின்னால் விட்டுவிட்டு டாங்கிகள் முன்னே ஓடினால் நடுவழியில் நிற்கும் என்பதைத் தானே கண்டுபிடித்தபோது ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. படிவத்தில் ‘திட்டமிடும் பழக்கத்தை வளர்க்கிறது’ என்று எழுதினாள்.

ஒன்பதாவது களத்தில் ஒரு ஆறு, அதன்மேல் ஒரு பாலம். பாலத்தின் இந்தப் பாதியில் அவளுடைய படை, அந்தப் பாதியில் எதிரி. பத்து முறைக்குள் பாலத்தை ‘றொய்மன்’ செய்ய வேண்டும் என்றது ஜெர்மன் கட்டளை.

அந்தச் சொல்லை இமெல்டா பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. அகதிகளுக்கான விடுதிகளில் இருந்த நாட்களில் வீட்டில் முதலில் ஜெர்மன் பிடிபட்டது அவளுக்குத்தான். அலுவலகக் கடிதம் எது வந்தாலும் அப்பா அவளிடமே நீட்டுவார். இன்ன திகதிக்குள் அறையை றொய்மன் செய்யவும் என்று மூன்று தரம் கடிதம் வந்தது. மூன்று தரமும் பாய், சட்டி, மாதா படம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். ஆகவே அந்தச் சொல்லில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. விட்டு விலக வேண்டும். விலகினாள். பத்தாவது முறை முடிந்ததும் திரையில் தோல்வி என்று வந்தது.

லொறிகளை முதலில் விலக்கிப் பார்த்தாள். டாங்கிகளை முதலில் விலக்கிப் பார்த்தாள். காலாட்படையைக் காவலுக்கு நிறுத்தி ஒவ்வொன்றாக, ஒழுங்காக, ஒரு ஆள்கூடச் சாகாமல் விலக்கிப் பார்த்தாள். நடுவில் சேமிக்கவும் வழியில்லை. ட்ராம் தரிப்பிடம் வந்தால் எல்லாம் முதலிலிருந்து. ஒருநாள் இறங்க மறந்து இரண்டு தரிப்பிடம் தள்ளிப் போய், மழையில் நனைந்து நடந்து வந்தாள்.

கணவன் யூட்சன் சோபாவில் அவளுடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பொதிகள் பிரிக்கும் கிடங்கில் வேலை செய்கிறவன், ஜெர்மன் வாசிப்பதில் அவ்வளவு ஆர்வமில்லாதவன்.

“நீர் இப்பிடிப் பின்னுக்கு வந்துகொண்டிருந்தால் எப்பிடி வெல்லுறது? அவங்களை அடிச்சுக் கலையுமன்” என்றான்.

“விலகச் சொல்லித்தான் இதிலை எழுதிக் கிடக்கு. உங்களுக்கு வாசிக்கத் தெரியாட்டி பேசாமல் இருங்கோ.”

அவன் பேசாமல் இருந்தான். ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் மூக்கால் ஒரு சத்தம் விட்டான். அது பேசுவதைவிட மோசமாக இருந்தது.

பதினான்காவது தோல்விக்குப் பிறகு, படிவம் கொடுக்க இரண்டு நாள் இருக்கையில், இமெல்டா ஃபிரவ் கெஸ்லரிடம் போய் ஒன்பதாவது களத்தைத் தாண்ட முடியவில்லை, விளையாட்டில் ஏதோ பிழை என்று சொன்னாள். ஃபிரவ் கெஸ்லர் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய குரல் மிகவும் கனிவாக மாறியது.

“ஒருவேளை மொழிதான் சிக்கலோ? உங்கள் நாட்டில் ஆங்கிலம்தானே பேசுவீர்கள். ஆங்கிலத்தில் மாற்றி விளையாடிப் பாருங்களேன்.”

ஜெர்மன் பள்ளிக்கூடம் பத்து வருடம், நூலகப் பயிற்சி மூன்று வருடம். ஃபிரவ் கெஸ்லருடைய கடிதங்களிலேயே எழுத்துப் பிழை திருத்தியவள் இமெல்டா. அன்று முழுவதும் புத்தகங்களை அலுமாரியில் அடித்து அடித்து வைத்தாள். ஆங்கிலத்தில் மாற்றவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். வீட்டுக்குப் போய், யூட்சன் குளிக்கும் நேரம் பார்த்து, மாற்றினாள்.

ஆங்கிலக் கட்டளை ஒரே வரி. பாலத்தில் நிற்கும் எதிரியை விரட்டு.

அந்த வரியை இரண்டாம் தரமும் வாசித்தாள். ‘றொய்மன்’ என்றால் விட்டு விலகுவது. தடையாக இருப்பதை அப்புறப்படுத்துவதும் அதே சொல்தான். மொழிபெயர்த்தவர் வரைபடத்தையே பாராமல் எழுதியிருக்க வேண்டும். ஏழாவது முறையிலேயே பாலம் அவள் கையில். யூட்சன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, எப்படி வென்றாள் என்று கேட்டான். அடித்துக் கலைத்ததாக அவள் சொல்லவில்லை. சாப்பாடு ஆறுகிறது என்றாள்.

மறுநாள் ஃபிரவ் கெஸ்லரிடம் விளக்கினாள். அவர் பாதியிலேயே தலையாட்டினார். “பார்த்தீர்களா, மொழிதான். நான் சொன்னேனே” என்று அவளுடைய கையைத் தட்டிக்கொடுத்தார்.

இமெல்டா கருவியை ஜெர்மனுக்கு மாற்றினாள். ஒன்பதாவது களத்தைத் திறந்து அவருக்கு முன்னால் வைத்தாள். ஒரு தரம் நீங்களே விளையாடிப் பாருங்கள் என்றாள். எப்படி நகர்த்துவது என்பதை மட்டும் காட்டிவிட்டு நின்றாள். ஃபிரவ் கெஸ்லர் கட்டளையை உரக்க வாசித்தார். பிறகு மிகுந்த கவனத்தோடு டாங்கிகளையும் லொறிகளையும் ஒவ்வொன்றாகப் பாலத்திலிருந்து பின்னால் இழுத்தார். பத்தாவது முறை முடிந்து தோல்வி வந்தது. அவர் கருவியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பற்றரி குறைவாக இருக்கலாம் என்றார்.

இமெல்டா கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மிச்சக் களங்களை ஆங்கிலத்தில் முடித்தாள். படிவத்தில் மொழிபெயர்ப்புப் பிழையைக் குறிக்க இடமே இல்லை என்பதால் ஓரத்தில், நெருக்கி, இரண்டு பக்கமும் எழுதினாள். ‘பரிந்துரைக்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு இல்லை என்று குறியிட்டாள். விளையாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் குழு கூடி அந்த விளையாட்டில் நான்கு பிரதிகள் வாங்கியது. ஓரத்தில் எழுதியிருந்ததை வாசித்தவர்கள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒன்பதாவது களத்தில் எதிரியைத் தாக்கவும் என்று நான்கு துண்டுக் காகிதங்கள் அச்சடித்து, நான்கு பெட்டிகளுக்குள்ளும் ஒட்டியது இமெல்டாதான்.

அடுத்த திங்கட்கிழமை ஃபிரவ் கெஸ்லர் இன்னொரு பெட்டியோடு வந்தார். இந்தத் தடவை நீர்மூழ்கிக் கப்பல் போர். உங்களுக்குத்தான் இப்போது அனுபவம் இருக்கிறதே என்றார்.

“இல்லை, எனக்கு ஏலாது” என்று இமெல்டா ஜெர்மனில் சொன்னாள். ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு ஐந்து காரணங்களை வரிசையாக வைத்திருந்தாள்.

ஃபிரவ் கெஸ்லர் ஏன் என்று கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் கொண்டுபோய் சக ஊழியர் ஹெர் போல் என்பவரின் மேசையில் வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போனார்.

இமெல்டாவுக்கு அழுகை வருகிற அளவுக்கு எரிச்சல் வந்தது. எட்டு வருடமாக அவள் சொல்லப் பயந்த சொல் இவ்வளவுதான். நகல் இயந்திரத்தில் மறுபடி தாள் சிக்கிவிட்டதாக முன்மேசையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஹெர் போலைக் கேளுங்கோ என்று இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்.