டாக்டரிடம் சொல்லாத கஷாயம்

காலை ஆறு நாற்பது. பல் துலக்கி வந்த என் மகள் கவிதா ஜன்னலருகே நின்று முகம் துடைத்தாள். அவள் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. அடுப்பில் அவளுக்கான கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது.

கவிதாவுக்கு வயது இருபத்தாறு. இரண்டு ஆண்டுகளாக நாள்பட்ட இரத்தப் புற்றுநோய் (வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகும் நோய்). தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய்வந்தாள். நோய் அடங்கியிருந்தது. எனக்கு அது போதவில்லை. மாத்திரை டாக்டர் கொடுத்தது. என் கையாலும் ஏதாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது.

ஹெப்பகோடியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தொட்டியில் அமிர்தபள்ளி படர்ந்திருக்கும். நம் சீந்தில் கொடிதான். கீழ்வீட்டு சரோஜம்மா ஒரு துண்டு ஒடித்துக் கொடுத்தார். நட்டு வளர்த்து, தண்டை இடித்துக் காய்ச்சி, நான்கு மாதம் தினமும் ஒரு டம்ளர் கொடுத்தேன்.

"வேற மெடிசின் ஏதாவது எடுக்கறாங்களா?" என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார். "இல்ல டாக்டர்" என்பேன். பொய் சொல்வதாகவே தோன்றவில்லை. ரசத்தை யாராவது மருந்தென்று சொல்வார்களா? இத்தனைக்கும் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள் நான்.

கண் மஞ்சளான அன்று இரத்தப் பரிசோதனையில் பிலிருபின் (ஈரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறமி) பல மடங்கு ஏறியிருந்தது. டாக்டர் கேள்வியை மாற்றினார். "மாத்திரைய விடுங்கம்மா. எழுந்ததுலேர்ந்து வாய்க்குள்ள என்னென்ன போகுது, ஒண்ணொண்ணா சொல்லுங்க."

சொன்னேன். கஷாயம் என்றதும் அவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"சீந்தில் சிலருக்கு லிவர கெடுக்கும். இந்த மாத்திரையும் லிவர் வழியாத்தான் போகுது. எது செஞ்சுதுன்னு பிரிச்சு சொல்ல முடியாது. இப்போதைக்கு ரெண்டையும் நிறுத்தணும்."

மாத்திரை நின்றால் நோய் மறுபடி ஏறலாம். ஈரல் தேறும்வரை வேறு வழியில்லை.

அன்றே அவளை அட்மிட் செய்தார்கள். வார்டில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அந்தக் கஷாயத்துல நம்பிக்கையே கிடையாதும்மா" என்றாள்.

"அப்புறம் ஏன்டி குடிச்ச?"

"அஞ்சு மணிக்கே எழுந்து இடிப்ப. குடிக்கலன்னா உன் மூஞ்சிய யாரு பாக்கறது?"

மாத்திரை இல்லாமல் ஆறு வாரம். வாரம் ஒரு இரத்தப் பரிசோதனை. இப்போதெல்லாம் காலையில் முதலில் அவள் கண்ணைப் பார்க்கிறேன், பிறகுதான் கடிகாரத்தை. நான் நெருங்கினாலே இமையைக் கீழே இழுத்துக் காட்டிவிட்டு நகர்கிறாள். இருவருக்கும் அலுத்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டம்ளர் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டு விழும். விழட்டும். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நோய் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியும் நாளில், "நீ வராத, உன் படபடப்பு எனக்கும் ஒட்டிக்குது" என்று தனியாகப் போனாள். நான் கொடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

மதியம் ஆட்டோ வந்து நின்றது. கவிதா செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்: "லிவர் தேறிடுச்சாம். நோய் கொஞ்சந்தான் ஏறியிருக்காம். நாளைலேர்ந்து மாத்திரை, கம்மி டோஸ்ல." பிறகு வெறும் தொட்டியைப் பார்த்தாள்.

"அதுல வெந்தயக் கீரை போடும்மா. சாம்பாருக்கு மட்டும்."