இடது கை அளவு

எங்கள் தொழுநோய் மருத்துவமனையில் அவரை ஸ்கேல் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சட்டைப்பையில் பேனா இல்லாத நாள் உண்டு, ஆறு அங்குல ஸ்கேல் இல்லாத நாள் கிடையாது. "கல்யாணத்தன்னிக்கும் இருந்துச்சா?" என்று கேட்டால், "இல்லேன்னா உங்க அண்ணி உயரத்தை எப்படி அளக்குறது?" என்பார்.

நோயாளியின் உடம்பு நோயை எவ்வளவு எதிர்க்கிறது என்று பார்க்கும் தோல் சோதனைக்கு, அந்த வருஷம் மருந்து இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று நோயாளிகளின் தோல் கட்டியிலிருந்து எடுத்தது, மற்றது நோய் ஏற்றிய ஏதோ ஒரு விலங்கின் ஈரலிலிருந்து. எந்தக் குப்பியில் எது என்று எங்களுக்குச் சொல்லவில்லை. ஒன்றை வலது முன்கையிலும் மற்றதை இடது முன்கையிலும் நான் ஊசி போட்டேன். மூன்று வாரம் கழித்து அங்கே எழும்பும் தடிப்பை அளப்பது அண்ணன் வேலை. கண்ணை நம்ப மாட்டார். கண்ணை மூடி, விரல் நுனியால் தடிப்பின் ஓரத்தைக் கண்டுபிடிப்பார். வலது கைக்கு வலது விரல், இடது கைக்கு இடது விரல். அப்போதுதான் எழுதும்போது பக்கம் மாறாதாம்.

நாற்பது பேரை அளந்தார். இடது கை அளவெல்லாம் சிறியதாகவே வந்தது. அந்தக் குப்பியில் வீரியம் இல்லை, திருப்பி அனுப்பிவிடலாம் என்று டாக்டர் கடிதமே எழுதிவிட்டார்.

அடுத்து வந்தவர் தையல்காரர். அவருடைய இடது கைத் தடிப்பை இரண்டு மில்லிமீட்டர் என்றார் அண்ணன்.

"சார், இது சட்டைப் பொத்தான் அளவு இருக்கு. நான் தினம் பொத்தான் தைக்கிறவன்."

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. அதே தடிப்பை வலது விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தன் இடது ஆள்காட்டி விரலை என் பக்கம் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பஞ்சால தொடும்மா."

தொட்டேன்.

"ம், தொடு."

நான் அதற்குள் மூன்று தடவை தொட்டிருந்தேன்.

அது என்ன நோய் என்று எங்கள் இருவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியே தெரிந்தால் வேலை போகும். "இனிமே வலது விரலாலயே அளந்துடுங்க அண்ணே, யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"என் விரலுக்காக நல்ல மருந்தைத் திருப்பி அனுப்பறதா?" என்று கேட்டுவிட்டு நேரே டாக்டர் அறைக்குப் போனார்.

அந்த வாரமே எல்லாரையும் வரவழைத்து நான் மறுபடி அளந்தேன். இரண்டு குப்பிகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டாக்டர் கடிதத்தைக் கிழித்துப் போட்டார்.

நோயாளிகள் பட்டியலில் நாற்பத்திரண்டாவது பெயரை அண்ணன் தானே எழுதினார். ஸ்கேலை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு சட்டைக் கைகளையும் மடித்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அவர் கையை அளந்தேன். அவரைப் போலவே கண்ணை மூடிக்கொண்டுதான் அளந்தேன். திறந்திருந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.